எது முதல்ல நடந்தது? அரியலூர் பாறைகளும் ஒரு சிபியு டிரேஸும்

(ஒலிப்பதிவில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, திரும்பத் திரும்ப வந்த இடங்களை நீக்கி, இங்கே எழுத்தாகத் தருகிறோம்.)

இன்னைக்கு ஒரு கல்லுல இருந்து ஆரம்பிக்கலாம்.

என் மேஜை மேல ஒரு கல் இருக்கு. உள்ளங்கை அளவுதான். சுருண்டு கிடக்கிற நத்தை மாதிரி உருவம், ஓரம் முழுக்க வரிவரியா மேடு. இதுக்குப் பேரு அம்மோனைட். சில வீடுகள்ல பூஜையில வெச்சிருக்கிற சாளக்கிராமம் பார்த்திருப்பீங்க. அதுக்குள்ள இருக்கிற சக்கரம் மாதிரியான சுருளும் அம்மோனைட்தான். கண்டகி ஆத்துல கிடைக்கிறது அது. என் கல் கிடைச்சது பெரம்பலூர் மாவட்டம் காரையில. பத்தாவது லீவுல மாமாவோட பைக்ல போனப்போ, ஒரு ஓடையில கிடந்தது. எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். 12 வருஷமா பேப்பர் வெயிட்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ இதை எங்க பெரியம்மா பொண்ணுகிட்ட காட்டினேன். அக்கா ஜியாலஜி படிச்சவங்க. பெருமையா நீட்டினேன். அவங்க திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க.

"எங்கடா எடுத்த?"

"காரையில."

"காரையில எங்க? எந்த அடுக்குல? மண்ணுக்குள்ள பதிஞ்சிருந்துச்சா, தண்ணியில உருண்டு வந்து கிடந்துச்சா?"

"ஓடையில கிடந்துச்சு."

"அப்ப இது அழகான கல்லுடா. அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா அந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்ல. அதுக்கு 2 மாசம் முன்னாடி ஆபீஸ்ல, என்னைவிட 4 வருஷம் ஜூனியர் ஒரு பொண்ணு, வேற வார்த்தையில இதே கேள்வியைத்தான் கேட்டாங்க. இன்னைக்கு இந்த ரெண்டு கேள்வியையும் சேர்த்துப் பேசப் போறோம். நடுவுல 170 வருஷத்துக்கு முந்தைய நம்ம ஊர் வரலாறு ஒன்னு இருக்கு.

மொய் நோட்டுக் கணக்கு

முதல்ல ஆபீஸ் கதை. எங்க சர்வீஸ் சில நிமிஷத்துக்கு ஒருதரம் அப்படியே உறைஞ்சு நிக்கும். அரை செகண்ட் கூட இல்ல, ஆனா அந்த நேரத்துல வர்ற ரிக்வெஸ்ட் எல்லாம் தேங்கிடும். லாக்ல எதுவும் தெரியல. கடைசியா இன்டெல் ப்ராசஸர் டிரேஸைப் போட்டோம்.

தெரியாதவங்களுக்கு: சில இன்டெல் சிப்புகள்ல, ப்ரோக்ராம் எந்த வழியா ஓடுச்சுன்னு சிப்பே எழுதி வைக்கும். லினக்ஸ்ல பெர்ஃப் என்கிற டூல் 2015-ல இருந்து இதைப் படிக்கும். ஒவ்வொரு "இஃப்" வர்ற இடத்துலயும் இடமா வலமான்னு ஒரே ஒரு பிட். ப்ரோக்ராம் கையில இருந்தா, அந்த இடம் வலத்தை வெச்சே முழுப் பாதையையும் திரும்ப நடந்து பார்த்துடலாம். "பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி வலது, அப்புறம் இடது, இடது" என்று வழி சொல்ற மாதிரி.

சிக்கல் என்னன்னா, ஒவ்வொரு சிபியு கோரும் தனக்குன்னு தனி பஃபர்ல எழுதும். 8 கோர்னா 8 நோட்டு. இதைப் புரிஞ்சுக்க ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாங்க.

கூட்டம் ஜாஸ்தின்னு மொய் எழுத 2 மேஜை போட்டிருக்காங்க. ஒவ்வொரு மேஜையிலயும் ஒரு நோட்டு. ஒரு நோட்டுக்குள்ள வரிசை சரியா இருக்கும். மேல இருக்கிறவர் முன்னாடி வந்தவர். ஆனா முதல் நோட்டுல 40-வதா இருக்கிற சித்தப்பா முன்னாடி எழுதினாரா, ரெண்டாவது நோட்டுல 25-வதா இருக்கிற தாய்மாமன் முன்னாடி எழுதினாரா? 25 சின்ன எண் என்பதால தாய்மாமன்தான் முன்னாடின்னு சொல்ல முடியுமா? முடியாது. அந்த மேஜையில கூட்டம் கம்மியா இருந்திருக்கலாம்.

இப்போ கெட்டிமேளம் கொட்டுது. ரெண்டு மேஜைக்கும் கேக்குது. எழுதுறவங்க ரெண்டு பேரும் அந்த நொடியில அவங்கவங்க நோட்டுல ஒரு கோடு போட்டுட்டாங்கன்னு வெச்சுக்குங்க. சித்தப்பா கோட்டுக்கு மேல, தாய்மாமன் கோட்டுக்குக் கீழ. முடிஞ்சது, சித்தப்பாதான் முதல். ஆனா ரெண்டு பேருமே கோட்டுக்குக் கீழதான் இருக்காங்கன்னா, யார் முன்னாடின்னு இன்னும் தெரியாது. அதுக்கு இன்னொரு பொதுவான குறி வேணும்.

சிப்பும் இதைத்தான் செய்யுது. குறிப்பிட்ட அளவு பைட் எழுதினதும் ஒரு ஒத்திசைவுப் பாக்கெட் போடும், கூடவே டைம்ஸ்டாம்ப் கவுன்டரின் மதிப்பு. அந்தக் கவுன்டர் 1993-ல வந்த பென்டியம்ல இருந்து இருக்கு. எல்லாக் கோருக்கும் அது ஒரே மாதிரி ஓடணும். 2005 வாக்குல வந்த சில டூயல் கோர் சிப்புகள்ல ரெண்டு கோரின் கவுன்டரும் மெல்ல மெல்ல விலகிப் போய், பெரிய தலைவலியா இருந்துச்சு. இப்போதைய சிப்புகள்ல அது பெரும்பாலும் சரியாயிடுச்சு.

அப்புறம் பெர்ஃப் செய்யறது சுலபம். 8 நோட்டையும் திறந்து வெச்சு, எதுல அடுத்து வர்ற நேரம் சின்னதோ அதை எடுக்கும். அடுத்த நோட்டின் நேரத்தைத் தாண்டுற வரைக்கும் அதையே படிக்கும். தாண்டினதும் அதை வரிசையில திரும்ப வெச்சுட்டு, இப்போ சின்ன நேரம் எதுல இருக்குன்னு பார்க்கும். காலேஜ்ல படிச்ச ஹீப் ஞாபகம் இருக்கா? அதேதான்.

நான் என்ன பண்ணேன்னா, அதை நம்பாம என் சொந்தப் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஃபைல் சைஸ் குறையட்டும்னு, நடுவுல வர்ற சின்னச் சின்ன டைமிங் பாக்கெட்டையும் ஆஃப் பண்ணிட்டேன். ரெண்டு டைம்ஸ்டாம்புக்கு நடுவுல இருந்த எல்லாத்துக்கும் முந்தைய டைம்ஸ்டாம்பையே ஒட்டினேன். சார்ட் பண்ணேன். பளிச்சுன்னு பதில் வந்துச்சு: 2-ஆம் கோர்ல ஒரு கேஷ் கிளீனப் ஓடியிருக்கு, அதுக்கப்புறம் 6-ஆம் கோர்ல எல்லாம் உறைஞ்சு போச்சு. கிளீனப் கோட் அந்த ஜூனியர் பொண்ணு எழுதினது. டீம் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், காரணம் அதுதான்னு.

அவங்க ஸ்க்ரீனைப் பார்த்துட்டே இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "அண்ணா, 2-ஆம் கோர்ல இந்த 400 வரிக்கும் ஒரே நேரம் போட்டிருக்கே. இதுல கிளீனப் எப்போ நடந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

என்கிட்ட பதில் இல்ல. அந்தக் கதையின் முடிவைக் கடைசியில சொல்றேன். இப்போ 1840-களுக்குப் போகலாம்.

3 இடம், 3 நோட்டு

நம்ம பக்கத்துல, கடல் அடியில உருவான பழைய பாறைகள் நிலத்துக்கு மேல தெரியற இடம் 3 இருக்கு. ஒன்னு பாண்டிச்சேரி பக்கம். ரெண்டாவது விருத்தாசலம் பக்கம். மூணாவதுதான் பெரிசு, அன்னைக்குத் திருச்சினாப்பள்ளி மாவட்டம். இன்னைக்கு அது பெரம்பலூர், அரியலூர், திருச்சின்னு பிரிஞ்சு கிடக்கு. (பெரம்பலூர் 1995-ல தனி மாவட்டம் ஆச்சு. அரியலூர் 2001-ல பிரிஞ்சு, 2002-ல திரும்பச் சேர்ந்து, 2007-ல மறுபடி பிரிஞ்சுது. கிட்ல பிராஞ்ச் போட்டு மெர்ஜ் பண்ணி ரிவர்ட் பண்ணின மாதிரி.) இந்த 3 இடத்துக்கும் நடுவுல புது வண்டல் மூடியிருக்கு. ஒன்னுல இருந்து இன்னொன்னுக்கு அடுக்கைத் தொடர்ந்து நடந்து போய்ப் பார்க்க முடியாது. அதாவது 3 தனி நோட்டு.

1840 வாக்குல மெட்ராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்த கே, கன்லிஃப் என்ற ரெண்டு அதிகாரிகள் இந்த இடங்கள்ல இருந்து கல்லுச் சிப்பிகளை, அம்மோனைட்டுகளைச் சேகரிச்சாங்க. பெட்டிகள் லண்டன் போச்சு. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பெரிய அறிஞர் அதைப் படிச்சு 1846-ல வெளியிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்ல. மேஜை மேல இருந்த சிப்பிகளை ஐரோப்பாவில் தெரிஞ்ச சிப்பிகளோட ஒப்பிட்டு வரிசை போட்டார்: பாண்டிச்சேரிதான் பழசு, விருத்தாசலமும் திருச்சியும் அதுக்கப்புறம். பாரிஸ்ல இருந்த அல்சிட் டோர்பினி ஒத்துக்கல. பாண்டிச்சேரி அவ்வளவு பழசு இல்ல, கிரிட்டேஷியஸ் காலத்தோட பின்பகுதின்னார்.

ரெண்டு பேரும் மேதைகள். ரெண்டு பேர் கையிலும் இருந்தது ஏறக்குறைய ஒரே மாதிரித் தரவு. ஆனா பெட்டிக்குள்ள இருந்த கல்லுகள், தன் ஊரைச் சொல்லிச்சே தவிர தன் அடுக்கைச் சொல்லல. எந்தச் சிப்பிக்கு மேல எந்தச் சிப்பி இருந்துச்சுங்கற விஷயம், கல்லைப் பெயர்த்து எடுத்த அந்த நிமிஷமே போயிடுச்சு.

நடந்து பார்த்தவர்

1857-ல இருந்து 1860 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிலிருந்து ஹென்றி பிளான்ஃபோர்ட் இங்கே வந்து வேலை பார்த்தார். வந்தப்போ வயசு இருபதுகள்ல, நம்ம வயசுதான். அவர் செய்தது எளிமையான வேலை, ஆனா ரொம்ப நடக்கணும். அடுக்கு எந்தப் பக்கம் சரியுது, எதுக்கு மேல எது கிடக்குன்னு ஓடை ஓடையா பார்த்துக் குறிச்சார்.

கீழ இருக்கிறது பழசு, மேல இருக்கிறது புதுசு. 1669-ல ஸ்டீனோ சொன்ன விதி இது. ஒரே மொய் நோட்டுக்குள்ள இருக்கிற வரிசை மாதிரி. நம்ம பக்கத்துல அடுக்குகள் கிழக்கு நோக்கி லேசா சரிஞ்சு கிடக்கு. அதனால மேற்கே பழசு, கிழக்கே போகப் போகப் புதுசு. காரையில பைக்கை எடுத்துக் கருடமங்கலம், அரியலூர், கல்லங்குறிச்சின்னு போனா, 30 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ள சில கோடி வருஷம் முன்னோக்கிப் போறீங்க. பெட்ரோல் அரை லிட்டர்.

பிளான்ஃபோர்ட் இதை 3 கட்டமாப் பிரிச்சார். பழசுக்கு ஊட்டத்தூர்னு பேர் வெச்சார், பாடாலூர் பக்கத்துல இருக்கிற அதே ஊட்டத்தூர். நடுவுல இருக்கிறது திருச்சினாப்பள்ளி. புதுசு அரியலூர். உலக நிலவியல் புத்தகங்கள்ல நம்ம ஊர்ப் பேர் இப்படித்தான் ஏறிச்சு. இன்னைய கணக்குல ஊட்டத்தூர் கட்டம் சுமார் 11 கோடி வருஷத்துல இருந்து 9 கோடி வரை. அரியலூர் கட்டம் சுமார் 8.3 கோடியில் ஆரம்பிக்குது.

சில இடங்களைச் சொன்னா உங்களுக்குப் பிடிபடும். 1953-ல டால்மியாபுரம்ங்கற பேரை மாத்தச் சொல்லிக் கலைஞர் தண்டவாளத்துல படுத்த கல்லக்குடி தெரியும்ல? அந்த சிமென்ட் ஃபேக்டரி அங்க இருந்ததுக்குக் காரணமே அங்க கிடைக்கிற சுண்ணாம்புக்கல். அது ஊட்டத்தூர் கட்டத்தைச் சேர்ந்தது, பழைய பவளத் திட்டு. காரையில ரீல்ஸ் எடுக்கப் போறீங்களே, அந்தப் பாலைவனம் மாதிரியான களிமண் மேடு, அதுவும் ஊட்டத்தூர் கட்டம். கருடமங்கலத்துல சிப்பி நெருக்கமா பதிஞ்ச கல் கிடைக்கும். மெருகு போட்டு "திருச்சினாப்பள்ளி மார்பிள்"னு ஒரு காலத்துல அலங்காரப் பொருள் செய்வாங்க. அது நடுக் கட்டம். கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல் அரியலூர் கட்டம். அரியலூரைச் சுத்தி இத்தனை சிமென்ட் ஆலை இருக்கே, அதுல நிறைய அந்த அடுக்கை நம்பித்தான்.

இதே பிளான்ஃபோர்ட்தான் பின்னால 1875-ல இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவர் ஆனார். பாறையை விட்டு மழைக்குப் போயிட்டார்.

அம்மோனைட் என்கிற கெட்டிமேளம்

ஒரு நோட்டுக்குள்ள வரிசை கிடைச்சாச்சு. ஆனா 3 நோட்டையும் சேர்க்கணுமே? இங்கதான் அம்மோனைட் வருது.

1815-ல இங்கிலாந்து முழுசுக்கும் நிலவியல் வரைபடம் போட்ட வில்லியம் ஸ்மித், கால்வாய் வெட்டும் வேலைக்காக நிலம் அளந்தவர். ஒவ்வொரு அடுக்குக்கும் தனக்கே உரிய சிப்பிகள் இருக்குன்னு மண்ணை வெட்டி வெட்டிக் கண்டுபிடிச்சார். ரெண்டு ஊர்ல ஒரே சிப்பிக் கூட்டம் கிடைச்சா, ரெண்டு அடுக்கும் ஒரே காலம். அம்மோனைட் இதுக்கு ரொம்பத் தோது. கடல்ல நீந்துற பிராணி, அதனால தூர தூரத்துக்குப் பரவும். புது இனம் சீக்கிரம் சீக்கிரம் தோன்றி மறையும். ஒரு இனம் இருந்த காலம் குறுகலா இருக்கும். ஒரு இனத்தைப் பார்த்தாலே "அந்த நேரம்"னு சொல்லிடலாம். எல்லா மேஜைக்கும் கேக்கிற கெட்டிமேளம் அதுதான். திருச்சிப் பாறையில கிடைச்ச சில அம்மோனைட்டுக்குச் சொந்தக்காரங்க தென்னாப்பிரிக்காவுலயும் மடகாஸ்கர்லயும் கிடைச்சாங்க. மேளம் அவ்வளவு தூரம் கேட்டிருக்கு.

இந்த மாபெரும் அட்டவணையைப் போட்டவர் ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா. இன்னைக்குச் செக் குடியரசா இருக்கிற மொராவியாவுல பிறந்தவர். கல்கத்தாவுல உட்கார்ந்து, தென்னிந்தியக் கிரிட்டேஷியஸ் உயிரினங்களைப் பத்தி 4 பெரிய தொகுதி போட்டார். 1873-ல கடைசித் தொகுதி முடிஞ்சது. அடுத்த வருஷமே யார்க்கண்ட் பயணத்துல இருந்து திரும்பும்போது லடாக் மலையில இறந்துட்டார், 36 வயசுல. லே நகரத்துல அவருக்கு நினைவுத் தூண் இருக்கு.

ஆனாலும் பாண்டிச்சேரிக் குழப்பம் முழுசாத் தீரல. அது தீர இன்னும் 20 வருஷம் ஆச்சு. 1890-கள்ல வார்த் என்பவர் பாண்டிச்சேரியில மறுபடி சேகரிச்சார். இந்தத் தடவை ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாப் பிரிச்சு, எது எந்த அடுக்குன்னு குறிச்சு. அந்தச் சேகரிப்பை வியன்னாவுல ஃபிரான்ஸ் கோஸ்மாட் படிச்சார். 1897-ல வெளியிட்ட முடிவு: பாண்டிச்சேரி அடுக்குகள் அரியலூர் கட்டத்தோட சேர்ந்தவை, அதுக்கும் மேல கொஞ்சம் போகுது.

யோசிச்சுப் பாருங்க. ஃபோர்ப்ஸ் எதை எல்லாத்துக்கும் முன்னாடி வெச்சாரோ, அது கடைசி வரிசையில போய் உட்கார்ந்தது. அரை நூற்றாண்டு. கோஸ்மாட்டும் மேஜையில இருந்துதான் வேலை பார்த்தார். அவர் கைக்கு வந்த கல்லுல அடுக்குக் குறிப்பு இருந்தது, அந்த ஒரு வித்தியாசம்தான். ஃபோர்ப்ஸ், ஸ்டோலிச்கா, கோஸ்மாட் மூணு பேர் பேர்லயும் அம்மோனைட் பேரினம் இருக்கு. வார்த் பேர் அவ்வளவு பேருக்குத் தெரியாது. டேட்டா எடுக்கிறவங்க கதி எப்பவும் அதுதான்.

கடிகாரம் இல்லாமலும் வரிசை உண்டு

இதுல இன்னொரு விஷயம் கவனிங்க. 19-ஆம் நூற்றாண்டு முழுக்க இவங்க யாருக்கும் ஒரு பாறைக்கு எத்தனை வருஷம்னு தெரியாது. கதிரியக்கத்தை வெச்சு வயசு கணிக்கிற முறை 1900-க்குப் பிறகுதான் வந்தது. ஆனா வரிசை சரியா இருந்தது. "எப்போ"ன்னு தெரியாமலேயே "எது முதல்ல"ன்னு சொல்ல முடிஞ்சது.

நம்ம துறையில 1978-ல லெஸ்லி லாம்போர்ட் எழுதின புகழ்பெற்ற பேப்பர் இதைத்தான் சொல்லுது. பல கம்ப்யூட்டர்கள் இருக்கும்போது, கடிகாரத்தை மட்டும் நம்பாதே. ஒரே இயந்திரத்துக்குள்ள முன்ன பின்ன தெரியும். ஒரு மெசேஜ் அனுப்பினது, அது வந்து சேர்ந்ததுக்கு முன்னாடிதான் நடந்திருக்கணும். இந்த ரெண்டை வெச்சே வரிசை கட்டலாம். கட்ட முடியாததை, "இது ரெண்டுக்கும் முன்ன பின்ன தெரியாது"ன்னு ஒத்துக்கணும். ஸ்டீனோவும் ஸ்மித்தும் ஒன்னா உட்கார்ந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் பேப்பர் எழுதின மாதிரி இருக்கும் எனக்கு.

இன்னொரு ஒற்றுமை, இதுதான் என் பக்கின் மர்மம். சிப் தன் ஒத்திசைவுப் பாக்கெட்டை நேரத்தைப் பார்த்துப் போடறதில்ல. எத்தனை பைட் எழுதினோம்னு பார்த்துத்தான் போடுது. சுறுசுறுப்பான கோர் நிறைய எழுதும், அதனால அடிக்கடி டைம்ஸ்டாம்ப். சும்மா இருக்கிற கோர்ல எப்போவாவது ஒன்னு. பாறையும் அப்படித்தான். ஆறு வண்டல் கொட்டுற இடத்துல கொஞ்ச காலத்துலயே பல மீட்டர் சேரும். அமைதியான ஆழ்கடல்ல ஒரு சென்டிமீட்டர் சேர ஆயிரக்கணக்கான வருஷம் ஆகலாம். தடிமனைப் பார்த்துக் காலத்தைச் சொல்லக் கூடாது. 2-ஆம் கோர்ல நான் செஞ்ச தப்பு அதுதான்.

காணாமப் போன பக்கங்கள்

டிரேஸ் எடுக்கும்போது சில நேரம் எழுதற வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாம கொஞ்சம் தரவு விழுந்துடும். அப்போ சிப் நேர்மையா ஒரு ஓவர்ஃப்ளோ பாக்கெட் போடும்: இங்க கொஞ்சம் போச்சு, எனக்குத் தெரியல. அரியலூர்ப் பாறையிலயும் இது உண்டு. கடல் பின்வாங்கின காலத்துல எதுவும் படியாது, படிஞ்சதும் அரிச்சுப் போகும். பிளான்ஃபோர்ட் பிரிச்ச கட்டங்களுக்கு நடுவுல அப்படி இடைவெளிகள் இருக்கு.

மனுஷன் கையிலயும் போகும். செந்துறை வட்டாரத்துல கல்லமேடுன்னு ஒரு ஊர். அரியலூர் கட்டத்தோட மேல் அடுக்கு அது. 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி டைனோசரும் அம்மோனைட்டும் சேர்ந்து அழிஞ்சுதே, அதுக்குக் கொஞ்சம் முந்தைய பக்கம். 1980-கள்ல நிலவியல் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் அங்க பிரம்மாண்டமான எலும்புகளைப் பார்த்து, ப்ருஹத்காயோசாரஸ்னு பேர் வெச்சாங்க. உலகத்துலயே பெரிய டைனோசர்கள்ல ஒன்னா இருக்கலாம். ஆனா அந்த எலும்புகள் நொறுங்கிப் போயிடுச்சு. இன்னைக்கு இருக்கிறது சில படங்களும் ஃபோட்டோக்களும்தான். அதனாலயே அது உண்மையில எவ்வளவு பெரிசுங்கற வாதம் இன்னும் முடியல.

2020-ல குன்னத்துல உருண்டை உருண்டையா கல் கிடைச்சு, டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப்ல சுத்துச்சு, ஞாபகம் இருக்கா? பார்த்தவங்க சொன்னது, அது அம்மோனைட் காலக் கடல் படிவு உருண்டைகள்னு. அதுக்குள்ள ஜனம் போய்ச் சுத்திப் பார்த்து, தொட்டு, உருட்டி முடிச்சாச்சு.

சிமென்ட் சுரங்கமும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் உண்டு. வெட்டறதால அடுக்கு வெளிச்சத்துக்கு வருது. காவேரிப் படுகையில எண்ணெய் தேடறவங்க, நிலத்தடியில இருக்கிற பாறையைப் புரிஞ்சுக்க இங்க வந்து பார்க்கறாங்க. அதே சுரங்கம் அடுக்கை அரைச்சு மூட்டையும் கட்டுது. ரிங் பஃபர் மாதிரி. படிக்கறதுக்குள்ள மேல எழுதிட்டா, போனது போனதுதான்.

கதையின் முடிவு

என் பக்குக்கு வரேன். டைமிங் பாக்கெட்டை ஆன் பண்ணி, மறுபடி டிரேஸ் எடுத்து, பெர்ஃப்பையே வரிசைப்படுத்த விட்டோம். கூடவே எந்த த்ரெட் எந்த த்ரெட்டை எழுப்பிச்சுங்கற தகவலையும் சேர்த்தோம். எழுப்பினது முதல்ல, எழுந்தது அப்புறம், லாம்போர்ட் விதி. வரிசை தலைகீழா வந்துச்சு. முதல்ல 6-ஆம் கோர் உறைஞ்சிருக்கு. ரிக்வெஸ்ட் தேங்கி மெமரி நிரம்பியிருக்கு. அதனாலதான் 2-ஆம் கோர்ல கிளீனப் கிளம்பியிருக்கு. கிளீனப் விளைவு, காரணம் இல்ல. உறைஞ்சதுக்குக் காரணம், ஒரு லாக்கைப் பிடிச்சுக்கிட்டே டிஸ்க்குல எழுதிட்டிருந்த லாகிங் கோட். அதை எழுதினது யாருன்னு கிட் பிளேம் போட்டுப் பார்த்தேன். நான்தான்.

அடுத்த டீம் மீட்டிங்ல, அதே எல்லார் முன்னாடியும், அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டேன். அவங்க சிரிச்சுட்டு, "பரவால்ல அண்ணா, அந்த ஸ்கிரிப்ட்டை டெலீட் பண்ணிடுங்க"ன்னாங்க. பண்ணிட்டேன்.

வரிசை தப்பா இருந்தா, பழி தப்பான ஆள் மேல விழும். ஃபோர்ப்ஸ் தப்பால யாருக்கும் நேரடியா வலிக்கல. என் தப்பால ஒருத்தர் ஒரு வாரம் தூங்கல. நேரக் குறிப்பு இல்லாத ஒரு தரவைக் காட்டி, "இதனாலதான் அது"ன்னு யாராவது அடிச்சுச் சொன்னா, அந்த ஜூனியர் கேள்வியைக் கேளுங்க.

அக்காகிட்ட நான் கேட்டேன், இந்தக் கல்லுக்கு இனி ஒன்னும் பண்ண முடியாதான்னு. அவங்க சொன்னாங்க, இனத்தைக் கண்டுபிடிச்சா தோராயமா எந்தக் காலம்னு சொல்லலாம், ஆனா எந்த அடுக்குன்னு எப்பவும் தெரியாது. ரெண்டு டைம்ஸ்டாம்புக்கு நடுவுல எங்கேயோன்னு.

காரைக்குப் போறவங்க, போங்க. நல்ல இடம், காலையில சீக்கிரம் போயிடுங்க, வெயில் பொளந்துடும். சாத்தனூர்ல 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கு, 1940-ல கண்டுபிடிச்சது, அதையும் பாருங்க. ஏதாவது அழகான சிப்பி மண்ணுல பதிஞ்சிருக்கிறதைப் பார்த்தா, ஃபோனை எடுத்து, பக்கத்துல ஒரு பேனாவையோ சாவியையோ வெச்சு, சுத்தி இருக்கிற அடுக்கும் தெரியற மாதிரி ஃபோட்டோ எடுங்க. லொக்கேஷன் ஆன்ல இருக்கட்டும். கல்லை அங்கேயே விட்டுட்டு வாங்க. என்னை மாதிரி பாக்கெட்ல போட்டுக்காதீங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.